கலிஃபோர்னியக் கரையில் ஊறும் தார்: பருவம் பார்க்க, மாதிரி எடுக்க, கலப்பற்றுக் காய்ச்ச

சாண்டா பார்பரா கடற்கரையில் செருப்பில்லாமல் அரைமணி நேரம் நடந்தால் உள்ளங்காலில் கறுப்பாக எதுவும் ஒட்டாமல் திரும்புவது அரிது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ கப்பல் கொட்டிவிட்டுப் போன எண்ணெய் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கடலடிப் பாறையிலிருந்து தானாக ஊறி வந்த தார். 1776-இல் இந்தக் கரை வழியே வந்த பெத்ரோ ஃபான்ட் என்ற ஸ்பானியப் பாதிரியார், கடல் ஒதுக்கும் தாரைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பக்கத்துச் சம்மர்லாந்தில் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு இறக்கப்பட்டது அதற்கு 120 ஆண்டுகள் கழித்து, 1896-இல்தான்.

இந்தத் தாரை அணுக ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். தாருக்குப் பருவம் உண்டு. தென்னையில் இளநீர், வழுக்கை, முற்றல், கொப்பரை என்று பார்க்கிறோமே, அதே மாதிரி. கடலடியிலிருந்து வெளிவந்த நிமிடத்தில் அது ஓடும் எண்ணெய். சில நாளில் ஒட்டும் களி. ஆண்டுகள் கடந்தால் தட்டினால் தெறிக்கும் கல். மிதக்குமா மூழ்குமா, தோலில் ஒட்டுமா, படகு ஓட்டையை அடைக்க உதவுமா, ஆய்வுக்கூடத்தில் அதன் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற எல்லாவற்றையும் பருவம்தான் தீர்மானிக்கிறது.

ஏன் இந்தக் கரையில் மட்டும் இவ்வளவு

இங்கே அடியில் கிடப்பது மாண்டெரே பாறையடுக்கு. ஏறத்தாழ 1.7 கோடி முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, வளமான கடலில் வாழ்ந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகளும் உடல் எச்சமும் ஆக்சிஜன் குறைந்த அடியாழத்தில் படிந்து உண்டானது. அந்த எச்சத்தில் கந்தகம் அதிகம். கரிமமும் (கார்பன்) கந்தகமும் சேர்ந்த பிணைப்பு கரிமத்தோடு கரிமம் சேர்ந்த பிணைப்பைவிட எளிதில் அறுபடும். அதனால் மற்ற ஊர்ப் பாறைகளில் எண்ணெய் பிறக்கத் தேவைப்படும் வெப்பம் வருவதற்கு முன்பே இங்கே எண்ணெய் பிறந்துவிடுகிறது. அவசரமாகப் பிறந்த எண்ணெய் என்பதால் அது தொடக்கத்திலேயே கனமாக, கந்தக வாடையோடு, தாராவதற்குத் தயாராக இருக்கிறது.

பிறந்த எண்ணெய் மேலே வர வழி வேண்டும். அதையும் அந்த டயாட்டம் ஓடுகளே செய்து கொடுக்கின்றன. புதைந்து சூடாகும்போது ஓட்டின் சிலிக்கா படிப்படியாகக் குவார்ட்ஸாக மாறுகிறது. மிருதுவாக இருந்த பாறை பீங்கான் போல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. இந்தப் பகுதியின் நிலமோ தெற்கு வடக்காக நெருக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பாறையடுக்குகள் பாய் சுருட்டியது போல் மேல்நோக்கி மடிந்திருக்கின்றன. மடிப்பின் உச்சியில் பாறை விரிசல் விட, எண்ணெயும் வாயுவும் அங்கே வந்து சேர்கின்றன. மேலே சிஸ்குவாக் என்ற களிமண் பாறை மூடி போட்டிருக்கிறது. அந்த மூடி அரித்துப்போன இடத்திலும் பிளவு அறுத்த இடத்திலும் ஊற்று.

கோலீட்டா ஊருக்கு எதிரே உள்ள கோல் ஆயில் பாயிண்ட் ஊற்றுப் பரப்பு உலகில் மிக நன்றாக அளக்கப்பட்டவற்றுள் ஒன்று. கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் 20 முதல் 70 மீட்டர் ஆழத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பீப்பாய் எண்ணெயும் ஒரு லட்சம் கன மீட்டர் வாயுவும் வெளிவருகின்றன. ஒரு பீப்பாய் 159 லிட்டர். ஆக நாளுக்கு 16,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரி அளவு. 1982-இல் இந்த ஊற்றுகளில் சிலவற்றின் மேல் இரண்டு பெரிய எஃகுக் கூடாரங்களைக் கடலடியில் கவிழ்த்து வைத்து வாயுவைக் குழாயில் பிடித்தார்கள். அந்தக் கூடாரங்களின் அளவுக் கருவியில் கடலின் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஓதம் ஏறினால் மேலே நீர் அழுத்தம் கூடி வாயு குறைகிறது, வற்றினால் கூடுகிறது.

எங்கே, எந்த நேரத்தில்

நிலத்திலிருந்தே பார்க்க நல்ல இடம் கார்ப்பின்டீரியா மாநிலக் கடற்கரையின் கிழக்குப் பக்கம். அங்கே சாய்ந்து நிற்கும் மாண்டெரே அடுக்குகளுக்கு மேல் பிற்காலத்துக் கடல்மணல் படிந்திருக்கிறது. அடியிலிருந்து ஏறிய தார் அந்த மணலில் ஊறி, மேட்டின் முகத்திலிருந்து கடற்கரையை நோக்கி நாக்கு நாக்காக இறங்குகிறது. மணலின் அடியில் சிக்கிய பனிக்கால விலங்கு, தாவர எச்சங்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. ஊரின் பெயரே தாரோடு சேர்ந்தது. 1769 ஆகஸ்டில் போர்த்தோலாவின் ஸ்பானியப் படை இங்கே வந்தபோது உள்ளூர்ப் பழங்குடியினரான சூமாஷ் மக்கள் தார் வைத்துப் பலகைப் படகு கட்டிக்கொண்டிருந்தார்கள். படைவீரர்கள் இந்த இடத்துக்கு ‘தச்சுப்பட்டறை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்பானிய மொழியில் லா கார்ப்பின்டீரியா.

குளிர்காலத்தில் பெரிய அலைகள் மணலை வாரிக்கொண்டு போவதால் பாறையும் பழைய தார்த் தகடுகளும் வெளியே தெரியும். கோடையில் மணல் திரும்பி வந்து மூடிவிடும். ஆனால் மேட்டு முகத்தில் தார் இளகி ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் கோடையின் பிற்பகல்தான் சரி. காலைக் குளிரில் அசையாமல் நிற்கும் நாக்கு, வெயில் ஏறியதும் பளபளத்து நகரும். அலை ஒதுக்கும் உருண்டைகள் கோல் ஆயில் பாயிண்டில் குளிர்காலத்தைவிடக் கோடையில் அதிகம். எந்தக் காலமானாலும் ஓத அட்டவணையைப் பார்த்து, அன்றைய மிகக் குறைந்த வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். மேட்டுக்கும் அலைக்கும் நடுவே இடம் குறுகலான கரை அது. கடல் ஏறும்போது மூலையில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது.

பழைய செருப்பு ஒரு ஜோடி, ஐஸ் குச்சிகள் சில, பழந்துணி, ஒரு சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய். இவை இல்லாமல் போக வேண்டாம். காரில் விரிக்கப் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் ஒட்டியது இருக்கைக்கு ஏறினால் துணி இருக்கையிலிருந்து முழுதாகப் போகாது.

பருவம் பார்ப்பது

முதலில் கடலைப் பாருங்கள். காற்று மெல்ல வீசும் நாளில் நீர்ப்பரப்பு முழுக்கச் சிற்றலை நெளியும்போது, நடுவே வழுவழுவென்று பட்டைகள் தெரியும். எண்ணெய்ப் படலம் சிற்றலையை அமுக்கிவிடுவதால் வரும் தோற்றம் அது. நிறத்தை வைத்துத் தடிப்பைக் கணிக்கலாம். வெள்ளி அல்லது சாம்பல் மினுக்கம் என்றால் 0.04 முதல் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர்தான். வானவில் நிறம் 0.3 முதல் 5 மைக்ரான். உலோகம் போல் மங்கிய ஒற்றை நிறம் 5 முதல் 50 மைக்ரான். எண்ணெயின் சொந்த நிறமான பழுப்போ கறுப்போ தெரிந்தால்தான் 50 மைக்ரானைத் தாண்டியது. கண்ணுக்கு ஊரே எண்ணெயாகத் தெரியும் வெள்ளிப் படலத்தில் மொத்தம் ஒரு வாளி எண்ணெய்கூட இருக்காமல் போகலாம். பதற்றத்தில் அளவை மிகைப்படுத்துவது இங்கேதான் நடக்கிறது.

கரையோரக் குட்டையில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். உடைந்த கண்ணாடி போல் சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் ஏடு. நம் ஊர்க் குளத்தோரத்திலும் இதைப் பார்க்கலாம். குச்சி போன வழியே சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

கடலில் மிதக்கத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் அலையில் அடிபட்டு நீரை உள்ளே இழுத்துக்கொண்டு பழுப்புக் கூழாகும். பிறகு மணலைச் சேர்த்துக்கொண்டு உருளும். கடல்நீரின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.025 கிராம், மணல் சேர்ந்த தார் இதைத் தாண்டியதும் மூழ்கிவிடும். அதனால்தான் கடலில் மிதந்த அளவு முழுவதும் கரைக்கு வருவதில்லை. பெரும்பங்கு கடலடி வண்டலில் போய்ச் சேர்கிறது.

கரையில் கிடப்பதை இப்படிப் பதிவு செய்யலாம். விட்டம் 10 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தார் உருண்டை; மேலே இருந்தால் தார் அடை. கரைப்பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றால் ‘அறிகுறி’ மட்டும். 10 வரை ‘அங்கொன்று இங்கொன்று’. 50 வரை ‘திட்டுத் திட்டு’. 90 வரை ‘இடைவிட்டு’. அதற்கு மேல் ‘தொடர்ச்சி’. பருவத்துக்கு விரல் சோதனை போதும், கையுறையோடு. தொட்டால் இழுபட்டு நூல் விடுவது இளசு. அமுக்கினால் குழி விழுந்து நிற்பது நடுப்பருவம். நகத்தால் கீறினால் பழுப்புப் பொடி உதிர்ந்து, உடைத்த இடம் கண்ணாடி போல் மின்னினால் முற்றல். உருண்டையின் வெளித்தோல் முற்றி உள்ளே இளசாக இருப்பது சாதாரணம். உடைத்துப் பார்க்காமல் பருவம் சொல்லாதீர்கள்.

கறுப்பாகக் கிடப்பதெல்லாம் தாரல்ல. காய்ந்த கடற்பாசி, கரித்துண்டு, கறுத்த களிப்பாறை எல்லாம் ஏமாற்றும். ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் தாரில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும். ரோடு போடும் வாடை வரும். தீ வேண்டாமென்றால் வெள்ளைக் காகிதத்தில் தேய்த்து மேலே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தாராக இருந்தால் பழுப்புக் கறை சுற்றிப் பரவும்.

ஊற்றா, கொட்டலா

இந்தக் கரையின் மிகக் கடினமான கேள்வி இது. 1969 ஜனவரி 28-இல் கரையிலிருந்து சுமார் 9 கி.மீ. தொலைவில் இருந்த ‘ஏ’ என்ற எண்ணெய் மேடையின் கிணறு வெடித்து 80,000 பீப்பாய்க்கு மேல் கடலில் கொட்டியது. 2015 மே 19-இல் ரெஃபூஜியோ கடற்கரை அருகே தரைவழி எண்ணெய்க் குழாய் உடைந்தது. இரண்டு முறையும் கொட்டியதும் மாண்டெரே எண்ணெய்; ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்ததும் மாண்டெரே எண்ணெய். ‘இது இயற்கைதான்’ என்று சாதிக்க இடமிருக்கிறது. ‘எல்லாமே கம்பெனிக்காரன் செய்தது’ என்று சொல்லவும் இடமிருக்கிறது. இரண்டுமே ஆதாரமில்லாமல் சொல்லத் தகாதவை.

களத்தில் முதல் தடயம் பருவக் கலப்பு. ஊற்றுக் கரையில் நேற்று வந்த இளசும் போன மாதத்து நடுப்பருவமும் பத்தாண்டு பழைய தகடும் ஒரே இடத்தில் கிடக்கும். உருண்டைகள் சிதறிக் கிடக்கும். கொட்டலில் எல்லாம் ஒரே பருவம். ஓதக் கோட்டில் கயிறு பிடித்தது போல் தொடர் பட்டையாக, பாறையின் மேலும் பாசியின் மேலும் ஒரே சீராகப் பூசியிருக்கும். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது நம் கரையில் ஒதுங்கியது அப்படிப்பட்டதுதான். வாளி வாளியாகக் கையால் அள்ளியவர்களுக்கு அந்த ஒரே பருவத்துக் களி நன்றாக நினைவிருக்கும். இப்படி ஒரே பருவத்தில் தொடர் பட்டை கண்டால் ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் அமெரிக்கக் கரையில் 800-424-8802 என்ற தேசிய அவசர எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது தடயம் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். மாண்டெரே எண்ணெயில் பிஸ்நார்ஹோப்பேன் என்ற மூலக்கூறு வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருக்கும். கப்பல் எரிபொருளிலிருந்தும் வேற்றுக்கடல் எண்ணெயிலிருந்தும் பிரித்துக் காட்ட அது உதவுகிறது. ஆனால் மாண்டெரே ஊற்றையும் மாண்டெரே குழாயையும் பிரிக்க அது பெரிதாக உதவாது. அங்கே பார்க்க வேண்டியது நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை, அதாவது கரிமம் கிளையில்லாமல் வரிசையாகக் கோத்த மூலக்கூறுகளை. ஊற்று எண்ணெய் கடலடி மண்ணில் மெதுவாக ஏறி வரும்போதே நுண்ணுயிர்கள் அந்தச் சங்கிலிகளைத் தின்றுவிட்டிருக்கும். ஆழக் கிணற்றிலிருந்து குழாயில் வந்த எண்ணெயில் அவை அப்படியே இருக்கும். கொட்டி மாதங்கள் கழித்து எடுத்த மாதிரியில் கடற்கரை நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்திருக்கும் என்பதால் இந்த வேறுபாடு மங்கிவிடும். மாதிரியை உடனே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மாதிரி எடுப்பது

அனுமதி முதலில். மாநிலக் கடற்கரைப் பூங்காவில் பாறையோ தாரோ எடுக்க எழுத்து அனுமதி வேண்டும். அதன் பிறகு:

1. அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டி, 60 அல்லது 125 மி.லி. மூடியின் உட்பக்கம் டெஃப்லான். பிளாஸ்டிக் டப்பாவும் ஜிப் பையும் கூடாது. பிளாஸ்டிக்கின் சேர்மங்கள் தாரில் கரைந்து, ஆய்வில் இல்லாத பொருளைக் காட்டும்.
2. ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய நைட்ரைல் கையுறை, சுத்தமான எஃகுக் கரண்டி. ஒரே கரண்டியைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தினால் முந்தைய உருண்டையின் எண்ணெய் அடுத்ததில் ஏறும்.
3. எடுக்கும் முன் அளவுகோல் வைத்துப் புகைப்படம். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், ஓத நிலை, கடைசி அலைக்கோட்டிலிருந்து தூரம்.
4. உருண்டையை உடைத்து உட்பகுதியிலிருந்து எடுங்கள். ஒரு பட்டாணி அளவு இருந்தாலே எண்ணெயின் ஊரைக் கண்டுபிடிக்கும் வேதிக் ‘கைரேகை’ ஆய்வுக்குப் போதும். நெல்லிக்காய் அளவு இருந்தால் மறுபடி சோதிக்கவும் மிச்சம் இருக்கும்.
5. புட்டியை நிரப்பாதீர்கள். மேலே கால்பங்கு காலியாக விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வெளிச்சம் படாமல் 4 பாகை செல்சியஸில் வையுங்கள்.
6. திறந்து மூடிய வெற்றுப் புட்டி ஒன்றும் கூடவே போக வேண்டும். அன்றைய கையுறையிலும் படகுப் புகையிலும் இருந்து என்ன சேர்ந்தது என்பதை அது காட்டும்.

படகில் போய் எடுப்பவர்கள் பெட்ரோல் என்ஜினை நிறுத்தி, படகின் முன்பக்கம் காற்று வரும் திசையில் கை நீட்டி எடுக்க வேண்டும். என்ஜினுக்குப் பின்னால் எடுத்த மாதிரி, என்ஜினின் மாதிரிதான்.

சூமாஷ் மக்களின் தார் அறிவு

இந்தக் கரையின் தாரைப் பல ஆயிரம் ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள் சூமாஷ் மக்கள். பருவத்துக்குப் பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். அலை ஒதுக்கும் மெத்தென்ற தார் மலக். நில ஊற்றில் வெட்டி எடுக்கும் கெட்டித்தார் வோகோ. படகுக்கு மலக் ஆகாது. கடல்நீரும் மணலும் கலந்து, வெயிலில் இளகி, பலகையை விட்டுக் கழன்றுவிடும். வோகோவை உடைத்து உருக்கி, பைன் மரப் பிசினைக் கலந்து காய்ச்சினால் வரும் கலவைக்கு யோப் என்று பெயர். தார் நீரைத் தடுக்கும், ஆனால் தனியாகப் பூசினால் மரத்தில் சரியாகக் கடிக்காது; பிசின் மரத்தைக் கடிக்கும், ஆனால் தனியாக இருந்தால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கலப்பற்று, அதாவது படகின் இடுக்கை நீர் புகாமல் அடைக்கும் பூச்சு.

தொமோல் என்ற அவர்களின் பலகைப் படகில் ஆணி இல்லை, விலாச்சட்டமும் இல்லை. நடுவில் ஒரே ஒரு குறுக்குக்கட்டை. வடக்கிலிருந்து கடலில் மிதந்து வந்த ரெட்வுட் மரக் கட்டைகளைப் பிளந்து, பலகையாக்கி, சுறாத்தோலால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பலகை விளிம்பில் யோப் பூசி ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி, இருபக்கமும் துளையிட்டு நார்க்கயிற்றால் கட்டுவார்கள். பிறகு இடுக்கில் காய்ந்த கோரைத்தண்டைத் திணித்து, துளையையும் கயிற்றையும் யோப்பால் மூடுவார்கள். இவ்வளவு செய்தும் நீர் கசியும். அதனால் பயணத்தில் ஒருவருக்கு நீர் இறைப்பதே வேலை. சென்னைக் கரையின் மசூலா படகையும் இதே போல் ஆணியில்லாமல் கயிற்றால்தான் தைத்தார்கள். அலை மோதும்போது கட்டு நெகிழ்ந்து கொடுக்க வேண்டும் என்ற தேவை இரண்டு கரைக்கும் பொது. ஆனால் மசூலாவின் தையலுக்குள் வைத்தது நாரும் வைக்கோலும். ஊற்றுத்தார் கையெட்டும் தூரத்தில் இருந்தது சூமாஷ் மக்களுக்கு.

தொமோல் கட்டும் நுணுக்கங்களை ஃபெர்னாண்டோ லிப்ராடோ என்ற சூமாஷ் முதியவர் சொல்ல, ஜான் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1976-இல் ஹெலெக் என்ற தொமோலைக் கட்டினார்கள். 2001-இல் எல்யேவுன் என்ற இன்னொரு தொமோலில் சாண்டா குரூஸ் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மக்களின் கடல்வழி அறிவு மறுபடி நீரில் இறங்கிய நாள் அது.

கூடைக்குள் தார் பூசும் முறை இன்னும் அழகு. கோரையில் பின்னிய குறுகிய கழுத்துக் குடுவைக்குள் கை நுழையாது. கெட்டித்தார்த் துண்டுகளை உள்ளே போட்டு, தீயில் சுட்ட கூழாங்கற்களையும் போட்டு உருட்டுவார்கள். கல் உருளும் இடமெல்லாம் தார் இளகிப் பின்னலில் ஏறும். தாரேறிய அந்தக் கூழாங்கற்கள் இந்தக் கரைக்கு எதிரே உள்ள கால்வாய்த் தீவுகளின் தொல்களங்களில் இன்றும் கிடைக்கின்றன. கல் அதிகம் சுட்டால் கோரை கருகும். ஆறிய கல்லானால் தாரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நிறுத்தாமல் உருட்டுவதில்தான் கைத்திறன். கத்திக்குப் பிடி போடவும், அபலோனி என்ற கடல்நத்தையின் ஓட்டுத் துளைகளை அடைத்துக் கிண்ணமாக்கவும், சிப்பி மணிகளைப் பதிக்கவும், புல் பாவாடையின் நுனிகள் காற்றில் பறக்காமல் எடை சேர்க்கவும் இதே தார்தான்.

கலப்பற்றுக் காய்ச்சுவது

மாதிரிப் படகுக்கோ மரத்தொட்டிக்கோ செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது. ஊற்றுத்தார் எடுக்க அனுமதி கிடைக்காத இடத்தில் கடையில் விற்கும் 85/25 ரக பிட்டுமன் வோகோவுக்கு நெருக்கம். முதல் எண் அது இளகும் வெப்பம், 85 பாகை. இரண்டாவது ஊசி இறங்கும் ஆழத்தைக் காட்டும் அளவு. ரோடுக்குப் போடும் இளகிய ரகம் மலக் மாதிரி, வெயிலில் வழியும்.

தொடங்க நல்ல அளவு: கெட்டித்தார் 300 கிராம், பைன் ரோசின் (கெட்டியான பைன் பிசின்) 100 கிராம். சூமாஷ் மக்கள் கைப்பக்குவத்தில் கலந்தவர்கள். இது சோதனைக்கான அளவு மட்டுமே. பாத்திரம் ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. தார் அடியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. காரணம் நீர். ஊற்றுத்தாரின் உள்ளே சிறைப்பட்ட நீர் 100 பாகையைத் தாண்டியதும் நீராவியாகி, பால் பொங்குவது போல் தாரைத் தூக்கிக்கொண்டு வழியும். அடுப்பில் விழுந்தால் தீ. இந்த வேலையில் நடக்கும் விபத்துகளில் மிக ஆபத்தானது இந்தப் பொங்கல்தான்.

திறந்த வெளி, காற்று உங்கள் முதுகுப் பக்கம், மின்அடுப்பின் மேல் மணல் நிரப்பிய தட்டு, அதன் மேல் பாத்திரம், உள்ளே உலோக வெப்பமானி. நெருப்பு அடுப்பு வேண்டாம். தாரைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துப் போட்டு 110 பாகையில் நிறுத்துங்கள். நுரை முற்றிலும் அடங்கும் வரை வெப்பத்தை ஏற்றாதீர்கள்; அரைமணி நேரமும் ஆகலாம். பிறகு 140-க்கு ஏற்றினால் மணல் அடியில் தங்கும். மேல் தெளிவை வேறு சூடான, ஈரமற்ற பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது ரோசினைப் பொடித்துச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். 150-ஐ ஒட்டி நின்றால் பத்து நிமிடத்தில் ஒன்றாகிவிடும். 170-ஐத் தாண்ட விடாதீர்கள். புகை கூடும், பிசின் கருகும், கலவை ஆறியபின் உடையும்.

பதம் பார்க்க ஒரு மரச்சீவலில் தொட்டுக் குளிர்ந்த நீரில் முக்கி வளையுங்கள். படக்கென்று உடைந்தால் ரோசின் அதிகம். தாரில் கொஞ்சம் இளசைச் சேருங்கள், அல்லது 10 கிராம் கொழுப்பு. வளைந்து வெயிலில் பத்து நிமிடம் வைத்ததும் வழிந்தால் கெட்டித்தார் போதவில்லை. சலித்த சாம்பல் 30 கிராம் கலந்து பாருங்கள். வளைந்து, மெல்லத் திரும்பி, விரலில் ஒட்டாமல் இருந்தால் பதம்.

மரம் ஈரமில்லாமல், வெயிலில் சூடேறி இருக்க வேண்டும். ஈர மரத்தில் பூசினால் அடியில் நீராவி கொப்புளம் கட்டி ஒரு வாரத்தில் தகடாக உரியும். குளிர்ந்த மரத்தில் கலவை தொட்டவுடன் உறைந்து, ஒட்டியது போல் தோன்றும், ஒட்டியிருக்காது. நாரை இடுக்கில் அடித்து இறுக்கிய பிறகு 2 மி.மீ. தடிப்பில் ஒருமுறை, ஆறியதும் குறுக்கே இன்னொருமுறை. மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், மறுபடி உருகும். படகுக்குத் தார் பூசுவது மிகப் பழைய வழக்கம். குவைத்தின் அஸ்-சபியா தொல்களத்தில் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய படகுத் தார்த் தகடுகள் கிடைத்தன. ஒரு பக்கம் நாணல் கட்டின் பதிவு, மறுபக்கம் ஒட்டிய கொட்டலசுகள் (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரிகள்). கடலில் ஓடிய தகடுகள் என்பதற்கு அந்தக் கொட்டலசுகளே சாட்சி.

தீப்பிடித்தால் மூடியால் அமுக்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான தார் தோலில் விழுந்தால் நேர்மாறு: உடனே ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம். ஒட்டிய தாரைப் பிய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். பிய்த்தால் தோலோடு வரும். தார்ப் புகையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளன. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சூமாஷ் முறையில் தார்க்குடுவை செய்து அளந்தது. குடுவையில் வைத்த நீரில் இறங்கியதைவிட, உருக்கும்போது வரும் புகையே கவலைக்குரியது என்று அது காட்டியது. ஆகவே குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காய்ச்ச வேண்டாம். செய்த பாத்திரத்தில் எண்ணெயோ உணவோ வைக்கவும் வேண்டாம்.

ஒட்டினால் எடுப்பது

தார் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஐஸ் குச்சியால் முடிந்தவரை வழித்துவிட்டு, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு மூன்று நிமிடம் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய், மறுபடி துணி. கறுப்பு வராமல் ஆன பிறகே சோப்பு. எண்ணெய்க்கு முன்பே சோப்பும் சுடுநீரும் போட்டால் தார் மெல்லியதாகப் பரவி நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கூடாது. தார் போகும், கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் போகும்.

துணிக்கு முறை வேறு. ஐஸ் வைத்துத் தாரைக் கெட்டியாக்கி நொறுக்கி உதிர்த்துவிட்டு, கறையில் மட்டும் எண்ணெய், பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பிறகு துவைப்பு. கறை போகும் முன் சூட்டில் உலர்த்தினால் அது நிரந்தரம்.

நாயின் பாதத்தில் ஒட்டியிருந்தால் விரலிடை மயிரை வெட்டிவிட்டு அதே தேங்காய் எண்ணெய். கழுவி முடியும் வரை நக்க விடாதீர்கள். தாரில் தோய்ந்த கடற்பறவையைக் கண்டால் மட்டும் கை வைக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். இறகில் எண்ணெய் ஏற்றினால் நீர்க்காப்பு இன்னும் கெட்டு, குளிரில் இறந்துவிடும். நாயையும் கூட்டத்தையும் தள்ளி நிறுத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு, கலிஃபோர்னியாவின் எண்ணெய்ப்பட்ட உயிரினக் காப்பு வலையமைப்பின் 877-823-6926 எண்ணுக்கு அழைத்து, அவர்கள் வரும் வரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருங்கள்.